பாட்டு வாழ்ந்தது, பெயர் மறைந்தது

மாலை வேளையில் நம் விடுதித் தாழ்வாரத்தில் நடந்து செல்வோர் செவியில் ஏதேனும் ஒரு மேனாட்டுப் பாட்டு விழாமற் போவதில்லை. அறைக்கு அறை பாட்டு வேறுபடும். கேட்போர் தலையசைக்கின்றனர்; மேசையைத் தட்டித் தாளம் இடுகின்றனர்; உடன் பாடவும் செய்கின்றனர். ஆயின், "இதனை இயற்றியவர் யார்? முதலிற் பாடியவர் யார்? இஃது எவ்வாறு பிறந்தது?" என்று வினவுவோமாயின் விடை பகர்வார் மிகச் சிலரே. பெரும்புகழ் பெற்ற பாட்டுகளின் நிலைமையே இதுவாயின், புகழ் பெறாத பாட்டுகளைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ?

பாட்டு வாழப் பாடினோர் பெயர் மறைதல் நமக்குப் புதிதன்று. சங்கச் சான்றோருள் ஒருவரைச் செம்புலப்பெயனீரார் என வழங்குகிறோம். அஃது அவருடைய பெற்றோர் இட்ட பெயரன்று. அவர் பாட்டில் வந்த உவமையே அவருக்குப் பெயராய் அமைந்தது. அத்துணைப் பழைய காலத்தில் இவ்வாறு நேர்ந்தமை வியப்பன்று. ஆனால், இசைத்தட்டும் வானொலியும் ஒப்பந்தப் பத்திரமும் நிறைந்த இருபதாம் நூற்றாண்டில், பாடியவர் உயிரோடிருக்கும்பொழுதே அவர் பெயர் மறைந்ததென்றால், அஃது எங்ஙனம் நேர்ந்தது என்பதை ஆராய்தல் வேண்டும். ராக் இசையைச் சார்ந்த, பலரும் அறியாத ஆறு பாட்டுகளின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்வோம். ஆறும் ஒரே இடத்திற் பிறந்தவையல்ல. எனினும் ஆறிலும் உள்ள செய்தி ஒன்றே. அது பெயரைப் பற்றியது.

முதற்கண், ராக் இசை யாது என்பதைச் சுருங்கக் கூறுவாம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் கறுப்பின மக்கள் பாடிய புளூஸ் பாட்டும், அவர்தம் ஆலயங்களில் முழங்கிய காஸ்பல் பாட்டும், நாட்டுப்புறங்களில் வழங்கிய கண்ட்ரி பாட்டும் ஒன்றோடொன்று கலந்து, 1940-ஆம் ஆண்டுக்கும் 1955-ஆம் ஆண்டுக்கும் இடையில் இவ்விசை உருப்பெற்றது. மின்விசையால் ஒலி பெருக்கப்பெற்ற கிதார், ஆழ்ந்த குரலுடைய பேஸ், டிரம் என்னும் முரசுத் தொகுதி ஆகிய மூன்றும் இதற்கு உறுப்புகள். நான்கு அடி கொண்ட தாளத்தில் இரண்டாம் அடியும் நான்காம் அடியும் ஓங்கி ஒலித்தல் இதன் சிறப்படையாளம்.

மற்றொன்றையும் அறிந்துகொள்ளுதல் நலம். ஒரு பாட்டின்பால் இருவகை உரிமை உண்டு. சொல்லும் மெட்டும் அமைத்தவருக்கு உரியது ஒன்று. பதிவு செய்யப்பெற்ற ஒலியைப் பற்றியது மற்றொன்று. முதல் உரிமையை உடையவருக்கு, அப்பாட்டை எவர் பாடி விற்பினும் பங்குப் பணம் வந்து சேரும். இசைத்தட்டின் நடுவே ஒட்டப்பெற்ற வட்டத்தாளில், பாட்டின் தலைப்புக்குக் கீழே சிற்றெழுத்தில் அச்சிடப்படும் பெயர் அவருடையதே. ஆகவே பெயர் என்பது புகழை மாத்திரம் பற்றியதன்று, அடுப்பெரிவதையும் பற்றியது. இதனை மனத்திற்கொண்டு மேற்செல்வோம்.

முதலாவது பாட்டு 1944-ஆம் ஆண்டிற் பதிவு செய்யப்பெற்றது. அதன் பெயர் "ஸ்ட்ரேஞ்ச் திங்ஸ் ஹாப்பனிங் எவ்ரி டே" என்பது. நாள்தோறும் விந்தைகள் நிகழ்கின்றன என்பது பொருள். பாடியவர் சிஸ்டர் ரோஸெட்டா தார்ப் என்னும் அம்மையார். இவர் 1915-ஆம் ஆண்டில் ஆர்க்கன்சா மாகாணத்திலுள்ள காட்டன் பிளாண்ட் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இவருடைய தாயார் ஊர் ஊராய்ச் சென்று நற்செய்தி கூறியவர். தாயோடு சென்ற அச்சிறுமி, கிதாரைக் கையிலேந்திக் கூட்டங்களிற் பாடிப் பழகினார். பின்னர் நகரத்துக் கேளிக்கை மன்றங்களிலும் அப்பாட்டுகளைப் பாடியமையால் ஆலயத்தார் பலர் இவர்மீது மனக்கசப்புற்றனர். ஆலயத்துப் பாட்டை மதுக்கடை வாயிலுக்குக் கொண்டு சென்றார் என்பது அவர்கள் கொண்ட குறை.

மேற்கூறிய பாட்டில் சாமி பிரைஸ் என்பவர் பியானோ வாசிக்க, தார்ப் அம்மையார் தம் கிதாரை நரம்பு துடிக்க மீட்டிப் பாடினார். கறுப்பினத்தாருக்கென்று தனியே பிரித்து வைக்கப்பெற்றிருந்த விற்பனை வரிசையில் 1945-ஆம் ஆண்டில் அஃது இரண்டாம் இடத்தை எய்தியது. இன்று அதனைக் கேட்போர், ராக் இசையின் துள்ளலும் கிதாரின் வீறும் அதன்கண் முன்னரே அமைந்திருத்தலைக் காண்பர். ராக் இசைத்தட்டுகளுள் அதுவே முதலாவது எனக் கருதும் ஆராய்ச்சியாளரும் உளர். 1964-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில், கைவிடப்பெற்ற ஓர் இருப்புப்பாதை நிலையத்தில், மழை பெய்து ஓய்ந்த மேடையின்மேல் நின்று இவர் பாடிய காட்சி தொலைக்காட்சிக்கெனப் படம் பிடிக்கப்பெற்று இன்றும் காணக் கிடைக்கின்றது. பின்னாளில் நோய் வாய்ப்பட்டு ஒரு காலை இழந்து, 1973-ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் உயிர் நீத்தார். அவரை அடக்கம் செய்த இடத்தில் பெயர் பொறித்த கல் ஒன்றும் இல்லை. ஏறக்குறைய 35 ஆண்டுகள் அவ்விடம் வெறும் புல்தரையாகவே கிடந்தது. அவர் வரலாறு நூலாக எழுதப்பெற்ற பின்னரே அன்பர்கள் விழித்துக்கொண்டு, 2008-ஆம் ஆண்டில் ஓர் இசை நிகழ்ச்சி நடாத்திப் பணம் திரட்டிக் கல் நாட்ட முற்பட்டனர். ராக் இசைப் பெரியோர் வரிசையில் அவர் பெயர் சேர்க்கப்பெற்றது 2018-ஆம் ஆண்டில். இவருடைய பெயர் மறைந்ததற்குக் காரணம் மக்களின் மறதியே.

இனி, ஒருவர் தம் பெயருக்குரிய பயனைத் தாமே விற்ற வரலாற்றைக் காண்போம். "லூயி லூயி" என்னும் பாட்டைப் பலர் கேட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் கேட்டது பிறர் பாடியது. அதனை இயற்றி முதலிற் பாடியவர் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் வளர்ந்த ரிச்சர்டு பெர்ரி என்னும் கறுப்பின இளைஞர். ரெனே தூசே என்னும் கியூபா நாட்டுக் கலைஞரின் நடன இசை ஒன்றில் வந்த தாளம் அவர் மனத்தைப் பற்றிக்கொண்டது. அதனைத் தழுவி, மதுக்கடைப் பணியாளனிடம் ஒரு மாலுமி தன் காதலியைப் பற்றி மனந்திறந்து கூறுவதாய்ப் பாட்டமைத்தார். கடல் கடந்து ஜமெய்க்காத் தீவுக்குச் சென்று அவளைக் காண வேண்டும் என்னும் ஏக்கமே அதன் பொருள். அதில் அருவருக்கத்தக்கது யாதுமில்லை.

1957-ஆம் ஆண்டில் அஃது ஓர் இசைத்தட்டின் பின்பக்கத்துப் பாட்டாய் வெளிவந்து, ஓரளவே விற்பனையாயிற்று. அப்பொழுது பெர்ரி திருமணம் செய்யும் நிலையில் இருந்தார், கையிற் பணமில்லை. ஆகவே அப்பாட்டின் உரிமையை, வேறு சில பாட்டுகளோடு சேர்த்து, 750 டாலருக்கு விற்றுவிட்டார். அக்காலத்து நிலையை நோக்க அது பேதைமையான செயலன்று. விற்று முடிந்த தட்டுக்கு அதற்குமேல் விலை தருவார் யார்? 1963-ஆம் ஆண்டில் போர்ட்லண்டு நகரத்துக் கிங்ஸ்மென் என்னும் இளைஞர் குழுவினர் அதனை ஒரு சிறு கூடத்திற் பதிவு செய்தனர். ஒலிவாங்கி மிக உயரத்தில் தொங்கியமையால் பாடகர் தலையை நிமிர்த்திக் கத்த வேண்டியதாயிற்று, சொற்கள் குழம்பின. அக்குழப்பமே பெரும் கதையாயிற்று. சொற்கள் விளங்காமையால், அவற்றில் ஏதோ ஆபாசம் மறைந்திருத்தல் வேண்டும் என்று பெற்றோர் சிலர் ஐயுற்று அரசாங்கத்துக்கு முறையிட்டனர். அமெரிக்க மத்திய துப்பறியும் துறையினர் 1964-ஆம் ஆண்டு தொடங்கி நீண்ட நாள் ஆராய்ந்தனர். தட்டை மெல்லவும் விரைந்தும் சுழலவிட்டுக் கேட்டனர். எவ்வேகத்திற் கேட்பினும் சொற்கள் விளங்கவில்லை என்பதே முடிவு!

அதற்குள் அப்பாட்டு அந்நாட்டு விற்பனை வரிசையில் இரண்டாம் இடத்தை எட்டிவிட்டது. பின்னர் நூற்றுக்கணக்கானோர் அதனைப் பாடிப் பதிவு செய்தனர். உலகெங்கும் பாட்டு ஒலித்தது. இயற்றியவருக்கோ உரிய பயன் வரவில்லை. பெர்ரி இரவு நேர விடுதிகளிற் பாடிக் காலம் கழித்து, 1980-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் அரசாங்க உதவித் தொகை பெற்றுத் தம் தாயார் இல்லத்தில் வாழ்ந்தார். அந்நாளில் ஒரு பான வியாபாரக் குழுவினர் அப்பாட்டைத் தம் விளம்பரத்திற் பயன்படுத்த விரும்பினர்; அதற்கு அவருடைய கையொப்பம் வேண்டியிருந்தது. அதனை முன்னிட்டு வழக்கறிஞர் ஒருவர் அவரைத் தேடிக் கண்டு, உரிமையை மீட்கும் வழியைக் காட்டினார். வழக்கு உடன்பாட்டில் முடிந்து பெரும் பொருள் அவர் கைக்கு வந்தது. 1997-ஆம் ஆண்டில் அவர் இறந்தபொழுது தம் பாட்டின் பயனைத் தாமே துய்த்தவராய் இறந்தார். விற்ற பெயர் மீண்டு வந்தது அரிதினும் அரிது.

பெர்ரி தம் பெயரை விற்றார். மூன்றாவது பாட்டுக்குரியோரின் பெயரையோ பிறர் கவர்ந்தனர். இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் என்னும் ஊரிற் பள்ளி மாணவராயிருந்த ஐவர் கூடி "ஜாம்பீஸ்" என்னும் குழுவை அமைத்தனர். 1964-ஆம் ஆண்டில் ஒரு பாட்டினாற் புகழ் பெற்றனர். பின்னர் அப்புகழ் தேய்ந்தது. 1967-ஆம் ஆண்டில், இறுதி முயற்சியாக, லண்டன் நகரத்து அபி சாலையிலுள்ள ஒலிப்பதிவுக் கூடத்தில் ஒரு தொகுதியைப் பதிவு செய்தனர். "ஒடிஸி அண்டு ஆரக்கிள்" என்பது அதன் பெயர். மேலுறை வரைந்த நண்பர் ஒடிஸி என்னும் சொல்லைப் பிழைபட எழுதிவிட்டார். அப்பிழையோடேயே அது வெளிவந்தது.

அத்தொகுதியின் முதற்பாட்டு "கேர் ஆப் செல் 44" என்பது. ராட் ஆர்ஜென்ட் என்பவர் இயற்றியது. தலைப்பே ஒரு முகவரியாகும்; 44-ஆம் எண் சிறையறை என்று பொருள்படும். காதலிக்கு ஒருவன் எழுதும் கடிதமாய் அப்பாட்டு அமைந்துள்ளது. மெட்டு காலை வெயிலைப் போல் மலர்ச்சியுடையது. சொற்களும் அன்பும் நலம் வினவுதலும் நிறைந்தவை. நெடுந்தொலைவு சென்றவள் மீண்டு வருகின்றாள் போலும் என்றே கேட்போர் முதலில் எண்ணுவர். சிறிது சிறிதாகவே அவள் சிறையில் இருக்கின்றாள் என்பதும், விடுதலை நாளை அவன் எண்ணிக் கொண்டிருக்கின்றான் என்பதும் புலனாகும். அவள் செய்த குற்றம் யாது என்பதைப் பாட்டு கூறவில்லை; அவனும் வினவவில்லை. இத்துணை நயமுடைய பாட்டு 1967-ஆம் ஆண்டின் இறுதியில் தனித் தட்டாய் வெளிவந்தும் விலை போகவில்லை. குழுவினர் மனம் சோர்ந்து பிரிந்தனர். பாடகர் காலின் பிளன்ஸ்டோன் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலைக்கு அமர்ந்தார்.

இதன் பின்னரே விந்தை நிகழ்ந்தது. அத்தொகுதியின் கடைசிப் பாட்டு 1969-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் மூன்றாம் இடம் வரை உயர்ந்தது. மக்கள் ஜாம்பீஸ் குழுவைக் காண விழைந்தனர், குழுவோ இல்லை. அவர்களுடைய முகத்தை அமெரிக்கர் நன்கறியாமையால், நிகழ்ச்சி அமைப்பாளர் சிலர் வேறு இளைஞரைத் திரட்டி, அப்பெயரிலேயே ஊர் ஊராய்ப் பாடச் செய்தனர். இவ்வாறு சுற்றிய போலிக் குழு ஒன்றில் டெக்சஸ் மாகாணத்து இளைஞர் இருவர் இருந்தனர். அவர்களே பின்னர் "ஜிஜி டாப்" என்னும் குழுவிற் சேர்ந்து தம் சொந்தப் பெயராலேயே பெரும்புகழ் எய்திய டஸ்டி ஹில், பிராங்க் பியர்டு என்போர். உண்மைப் பாடகர் அலுவலகத்தில் ஏடு புரட்டப் போலிகள் மேடையிற் கைதட்டுப் பெற்றனர். மெய்யான ஜாம்பீஸ் குழுவினருள் எஞ்சிய நால்வர் ஒருங்கு கூடி, லண்டன் மாநகரில் அத்தொகுதி முழுவதையும் மேடையில் பாடியது 2008-ஆம் ஆண்டில். அஃதாவது 40 ஆண்டுகள் கழிந்த பின்னர்.

தம் பெயரைப் பிறர் கவர்ந்ததை ஜாம்பீஸ் குழுவினர் அறிந்திருந்தனர். நான்காம் பாட்டுக்குரியவரோ, தம் பெயர் ஒரு நாட்டில் வீட்டுக்கு வீடு வழங்குவதையே அறியாதிருந்தார். அவர் டெட்ராய்ட் நகரிற் பிறந்த சிக்ஸ்டோ ரோட்ரீகஸ். மெக்சிகோ நாட்டிலிருந்து குடியேறிய குடும்பத்தில் ஆறாவது மகவாய் 1942-ஆம் ஆண்டிற் பிறந்தமையால் ஆறாமவர் எனப் பொருள்படும் பெயர் பெற்றார். 1967-ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் தட்டில் அவர் பெயர் இரண்டாய் முறிக்கப்பெற்று "ராட் ரிகஸ்" என அச்சிடப்பட்டது. 1970-ஆம் ஆண்டில் "கோல்டு பேக்ட்" என்னும் தொகுதி வெளிவந்தபொழுது, பாட்டியற்றியோர் பெயர் இருக்குமிடத்தில் "ஜீசஸ் ரோட்ரீகஸ்" என்றும் "சிக்ஸ்த் பிரின்ஸ்" என்றும் குறிக்கப்பட்டது. முன்னர் வேறொரு வெளியீட்டாரோடு செய்திருந்த ஒப்பந்தமே இம்மாற்றத்துக்குக் காரணம் என்பர். பெயர் இவ்வாறு சிதறிய பாட்டுகளின் பங்குப் பணம் யாரைச் சேரும் என்பது பின்னர் நீதிமன்றம் வரை சென்ற வழக்காயிற்று.

அத்தொகுதியின் முதற்பாட்டாகிய "சுகர் மேன்" போதைப் பொருள் விற்பவனை விளித்துப் பாடுவது. வறுமைப்பட்ட நகரத்தின் சோர்வு அதன் குரலில் ஒலிக்கும். அமெரிக்காவில் அதனை வாங்குவார் இல்லை. அடுத்த தொகுதியும் தோல்வியுற, ரோட்ரீகஸ் பழைய கட்டடங்களை இடிக்கும் கூலி வேலையை மேற்கொண்டார். அவ்வேலையினிடையே கல்வியையும் கைவிடாது, 1981-ஆம் ஆண்டில் வேய்ன் மாகாணப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று பட்டம் பெற்றார் என்பது மாணவராகிய நாம் கருதத்தக்கது. ஆஸ்திரேலியாவில் அவருக்கு அன்பர் இருந்தனர். 1979, 1981 ஆகிய ஆண்டுகளில் அங்குச் சென்று பாடினார். தென்னாப்பிரிக்காவிலோ அவர் அறியாமலே பெருங்கூட்டம் திரண்டிருந்தது. நிறவெறி ஆட்சியை வெறுத்த வெள்ளை இளைஞர் அப்பாட்டுகளைத் தம் மனக்குரலாய்க் கொண்டனர். வானொலி நிலையத்துச் சேமிப்பிலிருந்த தட்டில், அப்பாட்டு அமைந்த பகுதியைத் தணிக்கையாளர் கூரிய கருவியாற் கீறி வைத்தனர். பாடியவர் மேடையிலேயே தம்மை மாய்த்துக்கொண்டார் என்னும் கட்டுக்கதையும் பரவிற்று.

அக்கதையை நம்பாத அன்பர் இருவர் பாட்டுச் சொற்களிற் காணும் ஊர்ப்பெயர்களைத் துருவி ஆராய்ந்தனர். டியர்பார்ன் என்னும் பெயர் டெட்ராய்ட் நகரை அடுத்த ஊரினுடையது என அறிந்து, அத்துணை கொண்டு 1997-ஆம் ஆண்டில் அவர் உயிரோடிருத்தலைக் கண்டனர். 1998-ஆம் ஆண்டில் அவர் தென்னாப்பிரிக்கா சென்று பாடியபொழுது ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று ஆர்ப்பரித்தனர். இவ்வரலாற்றைக் கூறும் திரைப்படம் 2012-ஆம் ஆண்டில் வெளிவந்து, அடுத்த ஆண்டில் ஆஸ்கர் பரிசு பெற்றது. 2023-ஆம் ஆண்டில், தம் 81-ஆம் வயதில், ரோட்ரீகஸ் காலமானார்.

அதே டெட்ராய்ட் நகரத்தில் தம் பெயரை மாற்ற மறுத்தமையால் மறைந்த குழுவும் ஒன்றுண்டு. டேவிட், பாபி, டானிஸ் என்னும் ஹாக்னி உடன்பிறந்தார் மூவர் கூடி ராக் இசை பயின்றனர். கறுப்பின இளைஞர் வேறு வகைப் பாட்டைப் பாடுதல் வேண்டும் என்று அக்கம்பக்கத்தார் எதிர்பார்த்த காலம் அது. அவர்களுடைய தந்தையார் விபத்தில் இறந்தார். அத்துயரத்தில் மூத்தவராகிய டேவிட், சாவு என்பது அஞ்சத்தக்கதன்று, அதுவும் ஒரு பிறப்பே என்னும் எண்ணங்கொண்டு, தம் குழுவுக்கு "டெத்" எனப் பெயரிட்டார். 1975-ஆம் ஆண்டில் ஏழு பாட்டுகளைப் பதிவு செய்தனர். அவற்றுள் "பாலிடீசியன்ஸ் இன் மை ஐஸ்" என்பது, போருக்கு இளைஞரை அனுப்பித் தாம் நலமே இருக்கும் அரசியலாரைக் கடிந்து, மின்னல் வேகத்திற் செல்லும் பாட்டு. பங்க் என்னும் இசைவகை பெயர் பெறுவதற்கு முன்னரே அதன் வேகமும் சினமும் இதன்கண் நிறைந்துள்ளன.

இசைத்தட்டு நிறுவனம் ஒன்றின் தலைவர் பாட்டுகளை மெச்சினார். பெயரை மாற்றினால் வெளியிடலாம் என்றார். தம்பியர் இருவரும் இசைய எண்ணினர், டேவிட் இசையவில்லை. பெயரை விட்டுக்கொடுத்தால் அனைத்தையும் விட்டுக்கொடுத்ததாகும் என்பது அவர் துணிபு. ஒப்பந்தம் முறிந்தது. 1976-ஆம் ஆண்டில் தம் கைப்பொருள் கொண்டு 500 தட்டுகளே வெளியிட்டனர். பின்னர் மூவரும் வெர்மாண்ட் மாகாணத்துக்குக் குடிபெயர்ந்து, வேறு பெயரோடு காஸ்பல் ராக் பாடினர். டேவிட் மாத்திரம் டெட்ராய்ட் திரும்பினார். உலகம் ஒரு நாள் இப்பதிவுகளைத் தேடி வரும் என்று கூறி, அவ்வொலிநாடாக்களைத் தம்பியிடம் ஒப்புவித்த அவர், 2000-ஆம் ஆண்டில் நுரையீரற் புற்றுநோயால் இறந்தார். எட்டாண்டுகள் கழித்து, பாபியின் மகன் ஒருவர் ஒரு விருந்திற் புதிய பாட்டொன்றைக் கேட்டார். குரல் தம் தந்தையினுடையது! அவர் அதுகாறும் அக்குழுவைப் பற்றிக் கேள்வியுற்றதேயில்லை. 2009-ஆம் ஆண்டில் அவ்வேழு பாட்டுகளும், டேவிட் இட்ட பெயராலேயே, தொகுதியாய் வெளிவந்தன. மேடையேறிய தம்பியர் தம் தமையனை நினைந்து பாடினர். கேட்க அவர் இல்லை.

இதுகாறும் கூறியவை தனி மனிதர் அடைந்த இழப்புகள். இறுதியாகக் கூறப்போவது ஒரு நாட்டினர் அடைந்த இழப்பு. கம்போடியாவின் தலைநகராகிய புனோம் பென்னில் 1960-ஆம் ஆண்டையொட்டி, பாக்சே சாம் குரோங் முதலிய குழுவினர் மின்கிதார் ஏந்தினர். அரசர் குடியைச் சார்ந்த சிகானுக் தாமே இசைப்பிரியர், கலைஞரை ஆதரித்தார். அண்டை நாடாகிய வியட்நாமிலிருந்த அமெரிக்கப் படையினரின் வானொலி வாயிலாக ராக் இசை காற்றில் மிதந்து வந்தது. அதனைக் கேட்ட கெமர் இளைஞர், தம் மொழியின் நெளிவுசுளிவுகளோடு அதனை இணைத்துப் புதியதோர் இசை படைத்தனர். சின் சிசமுத் என்னும் பாடகரையும், சிகானுக்கினால் தலைநகரின் பொற்குரல் எனப் போற்றப்பெற்ற ரோஸ் செரே சோதியா அம்மையாரையும் அறியாதார் அந்நாட்டில் இலர். யோல் ஆவுலராங் என்னும் இளைஞர் பாடிய "ஜியஸ் சைக்ளோ" என்பது மூன்று சக்கர மிதிவண்டிச் சவாரியைப் பற்றிய நகைச்சுவைப் பாட்டு. நகர வீதியின் கலகலப்பும் இளமையின் குறும்பும் அதில் துள்ளுகின்றன.

1975-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் கெமர் ரூஜ் படையினர் தலைநகரைக் கைப்பற்றினர். நகர மக்கள் அனைவரும் வயல்களுக்குத் துரத்தப்பட்டனர். மேனாட்டு வாசனையுடைய அனைத்தும் குற்றமாயின. பாடகர் என்று அறியப்படுதலே சாவுக்குக் காரணமாயிற்று. 1979-ஆம் ஆண்டு வரை நீடித்த அவ்வாட்சியில் மாண்டோர் 15 இலட்சத்துக்குக் குறையார். மேற்கூறிய மூவரும் அக்கொடுங்காலத்தில் மறைந்தனர். அவர்கள் எங்கு, எவ்வாறு இறந்தனர் என்பதற்குத் திண்ணிய சான்று இன்றுவரை இல்லை. பிழைத்திருந்தோர் தம் பெயரையும் தொழிலையும் மறைத்தே பிழைத்தனர். பிறர்க்கெல்லாம் பெயரே வாழ்வாயிருக்க, இவர்களுக்குப் பெயரே நமனாயிற்று.

ஒளித்து வைக்கப்பெற்ற தட்டுகளும் நாடாக்களும் சில எஞ்சின. அவற்றினின்று படியெடுத்த ஒலிநாடாக்கள் சந்தைகளில் விற்கப்பட்டன. 1994-ஆம் ஆண்டில் அங்குச் சென்ற அமெரிக்கப் பிரயாணி ஒருவர் சிலவற்றை வாங்கிச் சென்றார். அவற்றினின்று தெரிந்தெடுத்த பாட்டுகள் 1996-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் "கம்போடியன் ராக்ஸ்" என்னும் தொகுதியாய் வெளிவந்தன. அதன் உறையில் ஒரு பாட்டின் தலைப்பும் இல்லை. ஒரு பாடகர் பெயரும் இல்லை. இசையன்பர் வியந்து கேட்டனர். ஆனால் தாம் கேட்பது யார் குரல் என்பதை அறியார். பின்னர், உலகின் பல பாகங்களிலும் சிதறி வாழ்ந்த கெமர் மக்களும் பிற அன்பரும், குரலைக் கொண்டும் மெட்டைக் கொண்டும் ஒவ்வொருவரையாக அடையாளம் கண்டு பெயர்ப்பட்டியல் வகுத்தனர். 2014-ஆம் ஆண்டில், சின் சிசமுத் இயற்றிய நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளின் உரிமை அவர் குடும்பத்தாருக்கே உரியது என அந்நாட்டு அரசாங்கம் ஒப்புக்கொண்டது. உயிரை மீட்க எவராலும் இயலாது. பெயரை மீட்க இயலும் என்பதை அம்மக்கள் காட்டினர்.

இவ்வாறு வரலாறுகளையும் ஒருங்கு நோக்குமிடத்து ஓர் உண்மை விளங்கும். இப்பாட்டுகளுள் எதுவும் தன் குறையால் மறைந்ததன்று. மறதி, வறுமை, வஞ்சனை, ஒப்பந்தம், பிடிவாதம், கொடுங்கோன்மை ஆகிய இவையே காரணங்கள். மறைந்தவற்றை மீட்டவரும் பெரும்பாலும் அரசரோ செல்வரோ அல்லர். ஒரு நூலாசிரியர், ஒரு வழக்கறிஞர், ஊர்ப்பெயரைத் தேடிய அன்பர் இருவர், குரல் கேட்டுத் தந்தையை அறிந்த மகன், பழைய நாடாவைப் பெட்டியில் வைத்துக் காத்த பெயரறியாக் குடும்பத்தார் ஆகியோரே அவர்கள். "இது யாருடையது?" என்னும் ஒரு வினாவே அவர்களுக்குக் கருவியாயிருந்தது.

மாணவ நண்பர்களே, அவ்வினாவை எழுப்புதற்குப் பெருஞ்செல்வமோ பெரும்புலமையோ வேண்டுவதில்லை. இக்காலத்திற் பாட்டுகள் தட்டும் உறையும் இன்றிக் கைப்பேசி வாயிலாகக் கணப்பொழுதில் வந்துவிடுகின்றன. சிற்றெழுத்திற் பெயர் அச்சிட்ட வட்டத்தாள் கண்ணிற் படுவதேயில்லை. ஆகவே பெயர் மறைதற்கு இடம் இப்பொழுது பெருகியுள்ளதேயன்றிக் குறைந்திலது. நண்பர் ஒருவருக்குப் பாட்டொன்றை அனுப்பும்பொழுது அதனை இயற்றியவர் பெயரையும் சேர்த்து அனுப்புவோம். நம் இசை மன்றத்தார் மேடையிற் பிறர் பாட்டைப் பாடுமுன் அவர் பெயரைச் சொல்லிப் பின் பாடுவாராக. அஃது அரை நிமிடத்துக்கு மேற்பட்ட வேலையன்று.

நிற்க, கல்லூரி ஆண்டு விழாவில் நாம் அனைவரும் எழுந்து நின்று நம் கல்லூரிப் பாட்டைப் பாடுகிறோம். பழைய மாணவரும் கண்கலங்க உடன் பாடுகின்றனர். அதன் சொற்களை எழுதியவர் யார்? மெட்டமைத்தவர் யார்? இதனைப் படிக்கும் அன்பருள் விடை அறிந்தோர் இருப்பாராயின், அடுத்த ஆண்டு இதழுக்கு எழுதியனுப்புமாறு வேண்டிக்கொள்கிறேன்.